தண்ணீர்மேல் போட்ட பழி

ஒரகடத்தில் குழாய்த் தண்ணீரில் யாரும் சோறு பொங்குவதில்லை. வாசலுக்கு வாசல் கேன் வந்து இறங்குகிறது. தென்காசிப் பக்கமிருந்து வந்த எனக்கு, தண்ணீரை விலைக்கு வாங்குவது இன்னும் பழகவில்லை. போன வருஷம் விரலெல்லாம் அரிப்பெடுத்து, கண்ணிமை வீங்கியதும் பழியைத் தண்ணீர்மேல்தான் போட்டேன். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் முதலில் அதைத்தானே சொல்வோம்?

என் வீட்டுக்காரர் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவர். வாலாஜாபாத் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடி. அதிலிருந்து வலிப்பு, நினைவும் தப்பித் தப்பி வருகிறது. மாத்திரையை முழுசாக விழுங்கமாட்டார். நான்தான் வேளாவேளைக்கு இடித்து, வாழைப்பழத்தில் பிசைந்து ஊட்டுவேன்.

கீழ்வீட்டுச் செல்வியக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, அம்மை போட்டுக்கீது. அடுப்பாண்ட போவாத" என்று வாசலில் வேப்பிலை செருகினாள்.

"அம்மையில்லக்கா, தண்ணி சேரல" என்றேன்.

அவரை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போனேன். ஆற்றில் குளித்தேன். தடிப்பெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. "பாத்தியா, நம்ம தண்ணி நம்ம தண்ணிதான். அத்தானக் கூட்டிட்டு இங்கனயே வந்துரு, அக்கா" என்றான் தம்பி. எனக்கும் ஆசை கிளம்பிவிட்டது. ஒரு கேன் ஆற்றுத் தண்ணீரைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தேன், கிறுக்கச்சி. அந்தத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டுத்தான் மாத்திரையை இடித்தேன். சாயங்காலம் கண்ணைத் திறக்க முடியவில்லை.

டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்கு ஒத்துக்காதது மாத்திரைத் தூள். கை படக்கூடாது, மூச்சுலயும் போகக்கூடாது."

"வேற மருந்து இல்லையா சார்?"

"இதுலதான் அவருக்கு வலிப்பு நிக்குது. மாத்துனா ரிஸ்க்மா."

அங்கேயே அழுதுவிட்டேன். ஊரை மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேனே. அவரைப் பிழைக்க வைக்கும் மருந்தே எனக்கு ஆகவில்லை என்றால் நான் எங்கே போக?

இப்போது செல்வியக்கா இடித்துப் பிசைந்து தருகிறாள். கையுறையும் மாஸ்க்கும் போட்டு நான் ஊட்டுகிறேன். அதையாவது விடமாட்டேன் என்று பிடிவாதம்.

நேற்று ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நீங்க எந்த ஊரும்மா?" என்றார்.

"ஒரகடந்தான்" என்றேன்.

"எம் பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கா. இங்க இருந்தா அவளுக்கு மூஞ்சி வீங்கிப்போவுது, பாவம். பாத்தா வரவேண்டாம்னு சொல்லுங்க. அங்கனயே நல்லா இருக்கட்டும்."

மாஸ்க்கைக் கழற்றக் கை போனது. கையுறை முழுக்க மருந்து.

"சரி, சொல்லிருதேன்" என்றேன்.