அதெமார் போட்ட வெனிஸ் அட்டவணை

அதெமார் ஃபகுந்தெஸ் முப்பத்தொரு வருஷம் ஒரு பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போட்டவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த ஊரில் நிற்க வேண்டும், ஓட்டுநர் எங்கே இறங்கிக் காப்பி குடிக்கலாம், எத்தனை நிமிஷத்தில் குடித்து முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. ஓய்வு பெற்ற பிறகு அட்டவணை போட மிஞ்சியது வீடுதான். வீட்டில் இருந்தது அவர் மனைவி ஒனோரினா மட்டும்தான்.

நான் எதிர் வீட்டுக்காரி, இவோனே. தெற்கு பிரேசிலில் பெந்தோ எங்கள் ஊர். எங்கள் தெரு செங்குத்தாக ஏறும். இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னல்களும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும். சாயங்காலமானால் ஏதாவது ஒரு வீட்டில் உட்கார்ந்து மாத்தே என்கிற மூலிகைத் தேநீர் குடிப்போம். அதை ஊற்றிய ஒரே சுரைக்குடுவை கை மாறிக் கை மாறிப் போகும்.

ஒனோரினாவை மரியாதையாகத் 'தோனா' என்பேன். அவரும் நானும் திராட்சைத் தோட்டக்காரக் குடும்பங்களில் பிறந்தவர்கள். எங்கள் முன்னோர் இத்தாலியிலிருந்து கப்பலேறி வரும்போது வெனிஸ் பக்கத்துப் பேச்சையும் கொண்டுவந்தார்கள். வீட்டில் அதைத்தான் பேசினோம். இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலி எதிரி நாடு என்று அரசாங்கம் அதைத் தடை செய்தது. ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் வாய் தவறி இரண்டு வார்த்தை பேசிவிட்டதற்காக ஒனோரினாவை மக்காச்சோளத்தைப் பரப்பி அதன்மேல் முட்டி போட வைத்தார்களாம். அதெமார் தெற்கே பெலோதாஸ்காரர், போர்த்துகீசியம் தவிர வேறு தெரியாதவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் போர்த்துகீசியம்தான். என்னோடு தனியாக இருக்கும்போது மட்டும் ஒனோரினா எங்கள் பேச்சில் பேசுவார். அப்போது குரலே வேறு மாதிரி இருக்கும்.

தொண்ணூற்றேழாம் வருஷக் குளிர்காலத்தில் ஒருநாள் அதெமார் மனைவியிடம் கேட்டார், "ஓய்வுப் பணம் வந்திருக்கு. என்ன செய்யலாம் சொல்லு." கடற்கரையில் ஒரு சின்ன வீடு என்பார் என்று எதிர்பார்த்தார்.

"வெனிஸ் போகலாம்."

"வெனிஸா? அங்க உனக்கு என்ன?"

"எங்கப்பாவுக்குக் கோபம் வந்தா 'நான் வெனிஸுக்கே திரும்பிப் போயிடறேன்'னு கத்துவாரு. அவரு பொறந்ததே இங்க. அப்படி அந்த ஊர்ல என்னதான் இருக்குன்னு பாத்துடணும், கிழவா."

அதெமார் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். மறுநாளே சாப்பாட்டு மேசையில் வெனிஸ் வரைபடம் ஏறியது. அதற்கப்புறம் ஒன்பது மாதம் அவர்கள் அடுப்படியில்தான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

அவர் கட்டம் போட்ட தாள் வாங்கினார். இத்தாலிக்குக் கடிதம் எழுதிப் படகுகளின் நேரப் பட்டியலை வரவழைத்தார். இத்தாலிய மொழிப் பாடம் அடங்கிய பன்னிரண்டு கேசட்டுகள் வாங்கி, காலையில் நடக்கும்போது காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். எட்டு நாள் பயணம் எட்டுத் தாள்களில் நிரம்பியது. மணிக்கூண்டு எட்டு மணி பத்து நிமிஷம், அரண்மனை ஒன்பது இருபத்தைந்து, கண்ணாடி ஊதும் தீவு பதினொன்று நாற்பது. வழிகாட்டிப் புத்தகம் எந்த உணவகத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்திருந்ததோ, அந்த வரிசையில் மதியமும் இரவும். எந்த மேசையில் என்ன சாப்பிடுவது என்பதுகூட எழுதியிருந்தது.

"மீன் சந்தைக்குப் போகணும்," என்றார் ஒனோரினா.

"இருக்கே. செவ்வாய்க்கிழமை ஏழு நாப்பதுலேருந்து எட்டு அஞ்சு வரைக்கும்."

"இருபத்தஞ்சு நிமிஷத்துல என்ன மீன் வாங்க முடியும்?"

"யாரு வாங்கச் சொன்னா? பாக்கறதுக்குத்தான்."

"அங்க வறுத்த பொடிமீனும் சோளக்களியும் சேத்துத் தருவாங்களாம். அதாவது உண்டா?"

"கடலைத் தாண்டிப் போய் சோளக்களியா? அதை இங்கயே தினமும் கிண்டிட்டுத்தானே இருக்க?"

ஒனோரினாவும் சேர்ந்து சிரித்தார். கணவரின் அட்டவணையைப் பார்த்துச் சிரித்தாலும், ஊரில் எல்லோரிடமும் அதைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினார்.

ஆனால் ஒரு சாயங்காலம் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. நானும் ஒனோரினாவும் சமையலறையில் விளையாட்டுக்கு வெனிஸ் கடைக்காரியும் வாடிக்கையாளருமாக நடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பேச்சில் அவர் மீன் பேரம் பேசினார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அதெமார் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார்.

"இதைப் போய் அங்க பேசி வைக்காத, பெண்ணே. காட்டுப் பேச்சு. சிரிப்பாங்க. ஆர்டர் குடுக்கறதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

நானும் என் பங்குக்கு, "ஆமா தோனா ஒனோரினா, அங்க சுத்தமான இத்தாலியன்தானே பேசுவாங்க," என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒனோரினா குடுவையில் வெந்நீர் ஊற்றினார். அதற்குப் பிறகு அந்த விளையாட்டை நாங்கள் விளையாடவில்லை.

ஏப்ரலில் போனார்கள். அங்கே நடந்ததை இரண்டு பேரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதெமார் உடனே சொன்னார். ஒனோரினா சொல்ல ஆறு வருஷமாயிற்று.

வெனிஸின் சந்துகள் அதெமாரின் தாளுக்கு அடங்கவில்லை. ஐந்து நிமிஷம் என்று போட்டிருந்த வழி முக்கால் மணி நேரம் சுற்றவைத்து, கடைசியில் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்தியது. உணவகத்தில் அவர் கேசட் இத்தாலியனில் கேட்டார், பரிமாறுகிறவன் இங்கிலீஷில் பதில் சொன்னான். மீன் வரும் என்று காத்திருந்தவருக்கு ஈரல் வந்தது. மூச்சுவிடாமல் முழுவதையும் தின்றார். பக்கத்து மேசையில் எல்லோரும் என்ன பேசுகிறார்கள் என்று ஒனோரினாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள் மதியம் ஒரு பாலத்துப் படியில் ஒனோரினா உட்கார்ந்துவிட்டார். கால் வீங்கியிருந்தது. "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கயே இருக்கேன்."

"ரெண்டேகாலுக்கு மாதா கோயில். பட்டியல்ல இருக்கே."

"அப்ப பட்டியலையும் கூட்டிட்டுப் போ."

அதெமார் போனார். கோயிலைப் பார்த்தார். திரும்பும்போது வழி தவறி, மூன்றரை மணி நேரம் கழித்து அந்தப் பாலத்துக்கு வந்தார். படியில் யாரும் இல்லை. பயந்துபோய்ச் சந்து சந்தாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். கடைசியில் ஒரு வீட்டு வாசலில் ஒனோரினா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கூடை. யாரோ ஒரு பெண்ணோடும் நாலைந்து அக்கம்பக்கத்தாரோடும் சேர்ந்து சமைக்கிற ஆர்டிசோக் பூமொக்குகளைச் சீவிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பயம் அவருக்குக் கோபமாக வெளியே வந்தது. எல்லோர் முன்னாலும் கத்தினார். அந்தப் பெண் எழுந்து ஏதோ சொன்னாள்.

"ராத்திரி இங்கயே சாப்பிட்டுட்டுப் போகச் சொல்றா," என்றார் ஒனோரினா.

"ஏழரைக்கு மேசை பதிவு பண்ணியிருக்கேன். கிளம்பு."

ஒனோரினா கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். அந்த ஏழரை மணி மேசையில் அவர் ரொட்டியை மட்டும் பிய்த்துக்கொண்டிருந்தாராம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு அதெமார் எல்லோருக்கும் புகைப்படம் காட்டினார். ஒனோரினாவைக் கேட்டால், "நல்லா இருந்துச்சு," என்பார். அவ்வளவுதான். என்னிடம்கூட அதற்கு மேல் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதெமார் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார்.

"அந்தப் பொம்பளைங்க அன்னிக்கு என்ன பேசினாங்கன்னு உன்கிட்ட சொன்னாளா?"

"இல்லையே."

"நான் கேட்டா 'ஒண்ணுமில்ல கிழவா'ங்கறா. இன்னொரு தடவை போவோம், இந்தத் தடவை நீயே திட்டம் போடுன்னு சொல்லிப் பாத்துட்டேன். சிரிக்கறா." அதற்குள் எங்கள் நாட்டுப் பணமான ரியாலின் மதிப்பும் சரிந்திருந்தது. இன்னொரு தடவை என்பது பேச்சோடு நின்றது.

இரண்டாயிரத்து நாலில் ஒனோரினாவுக்குப் பக்கவாதம் வந்தது. கால் மெல்லத் தேறியது. வலது கை பாதிதான் வந்தது. போர்த்துகீசியம் வரவே இல்லை. பின்னால் கற்ற மொழி போய், முதலில் பேசியது மட்டும் தங்கிவிடுவது சிலருக்கு நடப்பதுதான் என்றார் டாக்டர். நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசுகிறாள், அதெமாருக்கு ஒன்றும் புரியவில்லை. செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டி என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"வா இவோனே. அவ என்ன கேக்கறான்னு சொல்லு."

தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லியிருந்தார் ஒனோரினா. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் மதியம் போனேன். அவர் சொல்வதை இவருக்கும் இவர் சொல்வதை அவருக்கும் சொன்னேன். ஒருநாள் ஒனோரினா யாரும் கேட்காமலே வெனிஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"படியில உக்காந்திருந்தேனா, ஜன்னல்லேருந்து ஒருத்தி 'வழி தெரியலையா'ன்னு கேட்டா. புரூனான்னு பேரு. நான் யோசிக்காம நம்ம பேச்சுல 'கால்தான் வலிக்குது'ன்னுட்டேன். அவ கதவைத் தொறந்துட்டு ஓடி வந்தா. 'எங்க தாத்தன் பேச்சை நீ எங்க புடிச்ச'ன்னு கேட்டா. பிரேசில்னேன். நம்பல. பக்கத்து வீட்டுக்காரங்களை எல்லாம் கூப்பிட்டா. கரண்டிக்கு என்ன சொல்வீங்க, முட்டை போடாத கோழிக்கு என்ன சொல்வீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. நான் சொல்லச் சொல்லச் சிரிச்சாங்க. என்னைப் பாத்து இல்ல. ஒரு கிழவரு ஒரு வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "அடுப்புல களி கொதிச்சிட்டிருந்துச்சு. வெள்ளைச் சோளம். நான் சாப்பிடல," என்றார்.

கடைசி மூன்று வாக்கியத்தை அதெமாரிடம் சொல்வதா வேண்டாமா என்று தயங்கினேன். சொல்லிவிட்டேன். அவர் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் இத்தனை நாள் சொல்லலன்னு கேளு."

கேட்டேன். "அதெல்லாம் நம்ம பேச்சுல நடந்துது," என்றார் ஒனோரினா. "போர்த்துகீசியத்துல சொன்னா அதுல ஒண்ணுமே இல்ல."

"நான் அன்னிக்கு அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதுன்னு அவகிட்ட சொல்லு," என்றார் அதெமார். 

"அதை நீங்கதான் சொல்லணும்," என்று அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். கொல்லைப்புறத்தில் நின்று கால் மணி நேரம் முணுமுணுத்துப் பார்த்தார். உள்ளே போய் ஒனோரினாவிடம் சொன்னார். பாதி தப்பு. ஒனோரினா கடைசி வரை கேட்டார். பிறகு பாதி தேறிய கையால் கணவர் சட்டையைப் பிடித்திழுத்து, தப்பான வார்த்தையை மெதுவாகத் திருத்திச் சொன்னார். அதெமார் திருப்பிச் சொன்னார். ஒனோரினா மறுபடியும் திருத்தினார்.

ஒனோரினா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். அதெமார் முன்னூறு வார்த்தை போலக் கற்றிருப்பார். வலிக்குதா, குளிருதா, மாத்திரை, சூப்பு, ஜன்னலைச் சாத்தவா. கட்டில் பக்கத்தில் தேவைப்பட்டவைதான் அதிகம். கதை கேட்க அவை போதவில்லை. "கல்யாணமான புதுசுலயே கத்துட்டிருக்கலாம். யாரு வேண்டாம்னா? நான்தானே வேண்டாம்னேன்," என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.  நானும் ஒரு சாயங்காலம் அவர் பக்கம் சேர்ந்து பேசியவள்தான்.

இப்போதும் எதிர் வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் கூடத்தில் தோட்டக்காரக் கிழவர்கள் சீட்டாடுவார்கள். ஆட்டம் முழுக்க எங்கள் பேச்சில்தான் வசவும் கேலியும். அதெமாருக்குச் சீட்டாடத் தெரியாது. ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். யாராவது வேடிக்கையாகச் சொன்னால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார். சில நாள் புரிந்துதான் சிரிக்கிறார்.