சாந்தி அக்கா சொன்ன பாஸ்கற்போல் பைனல்

இன்று வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம்...

புதிதாகச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் பிள்ளை, தன் நாட்டில் கல்லூரி பாஸ்கற்போல் சீசன் தொடங்கிவிட்டது என்றாள். நான் உடனே, "ஆர் பைனலுக்கு வருவினம்?" என்று டெனிஷில் கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

(எனக்குப் பந்தைத் தரையில் இரண்டு முறை சேர்ந்தாற்போல் தட்டவும் வராது. அது வேறு விஷயம்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரம். மீன் தொழிற்சாலையில் வேலை செய்த நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். நான், குணம் அண்ணை, பிலிப்பைன்ஸில் இருந்து கப்பலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட ரொமி.

ரொமியின் தம்பி எட்வின் மணிலாவில் ஒரு கல்லூரி அணியில் விளையாடினான். அது அவனுக்குக் கடைசி வருடம். ரொமி கப்பலேறியபோது அவன் சின்னப் பெடியன். அவன் விளையாடி ரொமி ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒவ்வொரு போட்டியையும் அவர்களின் தங்கை ரேடியோவில் இருந்து கசெற்றில் பிடித்து அனுப்புவாள். முடிவைக் கடிதத்தில் எழுதக்கூடாது என்பது ரொமியின் கட்டளை.

கசெற் வந்தால் குசினி மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்து கேட்போம். வர்ணனை பாதி இங்கிலிஷ், பாதி அவர்களின் மொழி. "எட்வின்" என்று கேட்டால் குணம் அண்ணை மேசையில் அடிப்பார். ஒரு தடவை தேத்தண்ணி கொட்டியது என் மடியில்.

அணி பைனலுக்கு வந்துவிட்டது.

அந்தக் கசெற் வந்தது ஒரு சனிக்கிழமை. இன்று பின்னேரம் கேட்போம் என்று என்னிடம் சொல்லி, மேசையில் வைத்துவிட்டு ரொமி வேலைக்குப் போனான். தங்கைக்கு என்ன அவசரமோ, அதன்மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அன்றைக்கென்று குணம் அண்ணைக்குத் தெரிந்த ஒருவர் கொழும்புக்குப் புறப்பட்டார். யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவி சாந்தி அக்காவுக்குக் கசெற்றில் கதைத்து அனுப்ப இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் சனி மத்தியானத்தோடு டென்மார்க்கில் கடையெல்லாம் பூட்டு. திங்கள் வரை வெறுங் கசெற் வாங்க முடியாது.

மேசையில் ஒன்று கிடந்தது. வெறுங் கசெற் என்று நினைத்து, அண்ணை அதில் கொஞ்ச நேரம் கதைத்துப் பதிந்து கொடுத்துவிட்டார்.

ரொமி வந்து தேடியபோது பைனல் விமானத்தில் ஏறிவிட்டது.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வழக்கம்போல எங்களுக்கும் சேர்த்துச் சமைத்தான். தன் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டான்.

"தங்கச்சியிட்ட ஆர் வெண்டதெண்டு கேளன்ரா" என்றேன்.

"வெண்டது ஆரெண்டு பேப்பரில இருக்கும். என்ர தம்பி எப்பிடி விளையாடினவன் எண்டது அதிலதான் இருந்தது" என்றான்.

குணம் அண்ணைக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளே அக்காவுக்குக் கடிதம் எழுதினார்: 'கசெற்றில் ஒன்றும் பதியாமல் அப்படியே திருப்பி அனுப்பு.'

கடிதத்தை முந்திக்கொண்டு கசெற் திரும்பி வந்தது. ஊரில் அப்போது கசெற் கிடைப்பது கஷ்டம். வந்ததிலேயே பதில் பதிந்து அனுப்புவதுதான் வழக்கம். எங்களுக்கும் அது தெரியும்.

முதல் பக்கத்தில் குணம் அண்ணையின் வீட்டார் வரிசையாகக் கதைத்தார்கள். (பக்கத்து வீட்டார் இருவரும் அதில் அடக்கம்.) பந்துச் சத்தம் துளியும் இல்லை. ரொமி எழும்பப் பார்த்தான். நான் கையைப் பிடித்து இருத்தினேன். மறுபக்கத்தைப் போட்டோம்.

"இஞ்சாருங்கோ, நான் சாந்தி கதைக்கிறன். நீங்கள் கதைச்சு முடிய ஒரு பந்து விளையாட்டு வந்தது. அது நீங்கள் எழுதின அந்தப் பிலிப்பைன்ஸ் அண்ணையின்ர போலக் கிடக்கு. வேற கசெற் இல்லை, அழிக்கத்தான் வேணும். அதால மூண்டு தரம் கேட்டுப்போட்டு, நடந்தது எல்லாத்தையும் சொல்லுறன். அவருக்குச் சொல்லுங்கோ."

சாந்தி அக்கா பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியவர். இங்கிலிஷும் படித்தவர். சொன்னார் பாருங்கள் ஒரு வர்ணனை.

"எட்வினிட்டப் பந்து வருது. ரெண்டு பேர் மறிக்கிறாங்கள். அவன் விடேல்ல. போட்டுட்டான்."

நான் பாதி டெனிஷிலும் பாதி இங்கிலிஷிலும் ரொமிக்குச் சொன்னேன். அக்கா வேகமாகப் போனார், என் மொழிபெயர்ப்பு மூச்சு வாங்கியது. ரொமி கதிரை நுனிக்கு வந்துவிட்டான். குணம் அண்ணை மேசையில் அடித்தார்.

"இப்ப ரெண்டு புள்ளி பின்னுக்கு. நேரம் முடிஞ்சுது. கடைசியா எட்வினை இடிச்சதுக்கு அவனுக்கு ரெண்டு எறி குடுத்திருக்கினம். முதலாவது உள்ளுக்க. மற்றது..."

அக்கா மூச்சு விடுவது கேட்டது.

"மற்றது வளையத்தில பட்டு வெளியில விழுந்துட்டுது. ஒரு புள்ளியில தோத்துட்டினம். அந்த அண்ணையைக் கவலைப்பட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அவனைப்போல அண்டைக்கு ஒருத்தரும் விளையாடேல்ல."

ரொமி முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு, "கடைசியாச் சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்றான். சொன்னேன். இன்னொரு தரமும் சொன்னேன்.

கசெற் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"இனி உங்கட விஷயத்துக்கு வாறன். இவ்வளவு நாளும் உங்களிட்டச் சொல்ல வேணுமெண்டு மனசுக்க வச்சிருந்தனான். அது என்னெண்டால்—"

டக். நாடா முடிந்துவிட்டது.

குணம் அண்ணை கசெற்றை வெளியே எடுத்து, தட்டி, திருப்பிப் போட்டார். மறுபக்கத்தில் அவருடைய அம்மா, "தம்பி, சாப்பிட்டியே?" என்றார்.

"உங்களுக்கு என்ன சொன்னவ?" என்று ரொமி கேட்டான்.

"ஒண்டும் சொல்லேல்ல" என்றார் குணம் அண்ணை.

ரொமி சோறு போட்டு அவர் முன்னால் வைத்தான். தன் கோப்பையையும் எடுத்து வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தான்.

அக்கா இப்போது அண்ணையோடு டென்மார்க்கிலேயே, புரொண்பியில் இருக்கிறார். இன்று வேலை முடிந்ததும் ஃபோன் எடுத்து, அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆருக்கடா இப்ப ஞாபகம்? இந்த மனுசனும் வருசத்துக்கு ஒருக்காக் கேக்கிறார்" என்றார்.

பிறகு, "அந்தப் பெடியன் அந்த ரெண்டாவதைப் போட்டிருக்கலாம், என்ன?" என்றார்.