சூலேயில் இறங்காத பிள்ளை

தனக்கா மணம் மூக்கில் பட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு மடிதான். முன்பின் தெரியாத பர்மிய அம்மா ஒருவரின் மடி, அவர் கன்னத்தில் அரைத்துப் பூசிக் காய்ந்து உதிர்ந்த தனக்கா மரப்பட்டைப் பூச்சு, ஜன்னல் வழியே வந்த வெயில், அதற்கு நடுவே என் அழுகை.

நாங்கள் அப்போது பர்மாத் தலைநகரின் ஓரம், மிங்கலாடோன் பக்கம் குடியிருந்தோம். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பபேடான் கடைத்தெருவுக்கும் காளி கோயிலுக்கும் போக, ஜப்பானில் ஓடிக் களைத்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த பழைய பஸ் ஒன்றில் ஏறுவாள். அந்த நெரிசலைச் சொல்லி மாளாது. மூச்சு விடுவதற்கே முறை வைக்க வேண்டும். ஆனால் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. நிற்பவர் கையில் பையோ பிள்ளையோ இருந்தால், உட்கார்ந்திருப்பவர் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். நான் வளர்ந்ததில் பாதி, ஊரார் மடியில்தான்.

நிறுத்தம் நெருங்கினால் கண்டக்டர் "சூலே பாலா?" என்று கூவுவான், சூலேயில் இறங்க ஆள் உண்டா என்று. இறங்குபவர் "பாதெ", உண்டு, என்று குரல் கொடுக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, நான் அந்தப் பர்மிய அம்மாவின் மடியில் இருக்க, அம்மாவும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னை வாங்கக் கை நீட்டுவதற்குள், பின்னாலிருந்து தள்ளிய கூட்டம் அவளை அப்படியே படியோடு கீழே இறக்கிவிட்டது, "ஸ்வே!", இழு, என்றான் கண்டக்டர், பஸ் கிளம்பிவிட்டது, என்னோடு.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பாதெ! பாதெ!" என்று கத்தியபடியே பின்னால் ஓடினாளாம். பஸ் நிற்கவில்லை. அங்கே நின்ற நீல டாக்ஸிக்காரரிடம், "அந்த பஸ்ஸைப் பிடிங்க" என்றாள். அவர் வாடகை சொன்னதும், பாவி மகள், பழக்க தோஷத்தில் பாதி விலைக்குக் கேட்டாள்! அந்த மனுஷர், "பிள்ளை கிடைக்கட்டும், ஏறும்மா, அப்புறம் பேசலாம்" என்றாராம். "பெத்த பிள்ளையைத் தேடிப் போறதுக்கும் பேரம் பேசினவடி உங்கம்மா" என்று அப்பா சாகும்வரை கேலி செய்தார். அம்மா சிரிப்பாள், சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருக்கும்.

டாக்ஸி கடைசியில் போத்தத்தாவ் படகுத்துறை அருகே பஸ்ஸை மறித்து நின்றது. என்னைக் கண்டதும் அம்மா நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பர்மிய அம்மா இறங்கி வந்து, என் மூக்கைத் தன் லுங்கி முனையால் துடைத்து, அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

கண்டக்டர்தான் அப்புறம் சொன்னான்: "அவங்க எறங்க வேண்டிய இடம் எப்பவோ போயிடுச்சு. எறங்குங்கன்னேன். பெத்தவ பஸ்ஸைத்தான் துரத்திட்டு வருவா, பிள்ளை பஸ்ஸிலதான் இருக்கணும்னுட்டாங்க."

"அய்யோ, பேருகூடக் கேக்கலியே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இப்போது பஸ்ஸில் கண்டக்டரே இல்லை, காசை உண்டியலில் போட்டுவிட்டு ஏறுகிறோம். டாக்ஸி கைப்பேசியில் வருகிறது, பேரமும் ஒழிந்தது. என் மகள் வகுப்பு முடிந்து தனியே வரும்போது, அவள் வண்டி கியாக்டடா தாண்டி ஊர்வதைத் திரையில் பார்த்துக்கொண்டே நான் சோறு வடிக்கிறேன். அப்பாடா என்றுதான் இருக்கிறது. மடியில் பிள்ளை வாங்கும் வழக்கம் மட்டும் தேய்ந்துபோயிற்று. நான் கை நீட்டினால் இளம் தாய்மார் சற்று யோசிக்கிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

அம்மா இருந்தவரை வருஷத்துக்கு ஒரு வெள்ளி காளி கோயிலில் அந்த அம்மா பேருக்கு அர்ச்சனை செய்வாள். பேர் தெரியாது. "பேரு பிள்ளையைக் கொடுத்தவங்க" என்பாள், குருக்களும் மறுக்காமல் சொல்லிவிடுவார். இப்போது நான் செய்கிறேன். போன மாதம் புதுக் குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, நட்சத்திரம் என்ன என்று கேட்டார். என்னுடையதையே சொல்லிவிட்டேன்.