தண்ணிக்குள்ள வயர்லெஸ் வேலை செய்யாதுங்க

கெணத்துலயும் கொளத்துலயும் விழுந்த நகையை மெஷின் வெச்சித் தேடி எடுக்கறது என் தொழில். உள்ள இருக்கற சேத்தைக்கூட சமாளிச்சிடலாம், மேல நின்னு வேடிக்கை பாக்கறவங்களைத்தான் சமாளிக்க முடியல. ஜனங்களோட மல்லுக்கட்டி வயித்தைக் கழுவறவங்க யாரா இருந்தாலும் படிங்க, என் எரிச்சல் உங்களுக்குப் புரியும்.

நான் சொல்றது திருவண்ணாமலை பக்கத்துல அடி அண்ணாமலைங்கற ஊர்ல ஒரு கெணத்துல நடந்தது. ரேவதின்னு ஒரு பொண்ணு. புருஷன் பெங்களூர்ல டிரைவர். கெணத்துப் படியில துணி தொவைக்கும்போது, தாய்வீட்டுல போட்ட செயின் தண்ணியில விழுந்துடுச்சின்னு சொல்லுது. மாமியாரு நம்பல. அண்ணங்காரன் கையில குடுத்தனுப்பிட்டு நாடகம் ஆடறாள்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்டாங்க. செயின் கெடைக்கலன்னா, அவ துணிமணியை எடுத்துக்கினு தாய்வீட்டுக்குக் கெளம்பணும். அதுதான் பேச்சு.

கடைக்காரன் சாமர்த்தியம்

மொதல்ல மெஷினைப் பத்தி சொல்லிடறேன். நீட்டுக் கோலு, அடியில வட்டத் தட்டு. தட்டுக்குக் கீழ தங்கமோ இரும்போ வந்தா காதுல மாட்டற ஹெட்செட் கீச்சுனு கத்தும், பிடியும் கிர்ருனு அதிரும். வயர்லெஸ்ஸு, வாட்டர்ப்ரூஃபுன்னு பொட்டி மேலயே போட்டிருந்தான். நம்பி வாங்கினேன். மெஷினோட முழுசா முங்கினா ஹெட்செட் ஊமை. வயர்லெஸ் அலை தண்ணியைத் தாண்டி வராதாம். பிடியோட அதிர்வை வெச்சித்தான் தேடணும். இதை வாங்கறதுக்கு முன்னாடி சொல்லித் தொலைச்சா என்ன? போன் போட்டுக் கத்தினேன். அவன் கூலா சொல்றான்: "சார், வாட்டர்ப்ரூஃப்னு மெஷினைத்தான் சொன்னோம், சத்தத்தைச் சொல்லலயே!"

மாமனார் கேட்ட ஹெட்செட்

அடி அண்ணாமலையில நான் எறங்கறதுக்கு முன்னாடியே ரேவதியோட மாமனார் கையை நீட்டிட்டாரு. ஹெட்செட்டை அவர்கிட்ட குடுக்கணுமாம். நான் தேடத் தேட அவரு கரையில ஒக்காந்து கேட்டுக்கினே இருப்பாராம். தண்ணிக்குள்ள போனா ஒண்ணும் கேக்காதுங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேன். எனக்குக் கயிறு புடிக்கிற மச்சான் சேகரும் சொல்லிப் பாத்தான். மனுசன் அசையல. வந்த கோவத்துல கழட்டி அவர் மடியிலயே போட்டேன். அவரு அதை முண்டாசு மேலயே மாட்டிக்கினு சொன்னாரு: "நீ உள்ள எடுத்து இடுப்புல செருகிக்கினா எனக்கு எப்படிப்பா தெரியும்?"

மல்லாட்டைக்குத் தண்ணி

கெணத்துல மோட்டார் இருந்தா மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் நான் எறங்குவேன். மோட்டார் ஓடினா மெஷின் கண்டபடி அதிரும், அதுகூடப் பரவால்ல. ஒயர் எங்கனா தோல் உரிஞ்சிருந்தா என் கதை முடிஞ்சிது. ரேவதி மாமியார்கிட்ட மோட்டாரைப் போடாதீங்கன்னு படிச்சிப் படிச்சி சொல்லிட்டு, மேல இருந்து காத்து வர்ற டியூபை வாயில கவ்விக்கினு எறங்கறேன். கொஞ்ச நேரத்துல பிடி பேய் புடிச்ச மாதிரி ஆடுது, பக்கத்துல மோட்டார் உறுமுது. சேகர் என்னைக் கயித்தோட இழுத்துப் போட்டான். அந்தம்மா சுவிட்சுகிட்டயே நின்னுக்கினு இருக்குது. ஏம்மா, நான் சாவணுமான்னு கத்தினேன். வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டி அது சொல்லுச்சு: "த்ரீ பேஸ் கரண்டு இப்பதாம்ப்பா வந்துச்சு, மல்லாட்டை காயுது. நீ ஓரமா நின்னு தேடக் கூடாதா?"

மெஷின் சொன்ன தீர்ப்பு

மோட்டாரோட ஃபியூஸ் கட்டையை நானே புடுங்கி, சேகர் சட்டை ஜோபியில போட்டுட்டு மறுபடி எறங்கினேன். ஒடஞ்ச பக்கெட்டு, சோடா மூடி, கிரிவலம் வர்றவங்க எட்டிப் பாத்துப் போட்டுட்டுப் போன சில்லறை. எல்லாத்துக்கும் பிடி அதிருது. ஒவ்வொண்ணா தடவிப் பாத்துட்டு மேல வந்தா, ரேவதி ஒரு பையைத் தோள்ல மாட்டிக்கினு நிக்குது. அழுது அழுது மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடக்குது. என்னாச்சின்னு சேகரைக் கேட்டேன். ஹெட்செட்ல ஒரு சத்தமும் வரலயாம். அதனால கெணத்துல செயினே இல்லயாம். மகனுக்குப் போன் போட்டு, உன் பொண்டாட்டி திருடிதான்னு தெருமுனை வரைக்கும் கேக்கறாப்ல சொல்லிட்டாராம் மாமனார். அடப்பாவி மனுசா, இதைத்தானே மொதல்லயே சொன்னேன்! அவரு என்னை ஏற எறங்கப் பாத்தாரு: "மெஷினாப்பா பொய் சொல்லும்?"

பித்தளைக் கொடம்

போவாதம்மா, இங்க வான்னு ரேவதியைக் கூப்ட்டேன். அவங்க வீட்டுப் பித்தளைக் கொடத்தையே தண்ணிக்குள்ள படியில வெச்சேன். மெஷினை முழுசா முக்கி, பிடியை ரேவதி கையில குடுத்தேன். "அண்ணா, அதிருதுண்ணா!"ன்னுச்சு. ஹெட்செட்ல எதுனா கேக்குதான்னு மாமனாரைக் கேட்டேன். இல்லன்னு தலை ஆட்டறாரு. அப்பாடா, இப்பயாவது வெளங்குச்சேன்னு நெனச்சேன். அவரு ஹெட்செட்டை நல்லா அழுத்திக்கினு சொன்னாரு: "அது பித்தளைப்பா. தங்கம்னா கத்தும்."

படிக்கு அடியில

இனிமே இவங்ககிட்ட பேசி வேலைக்கு ஆவாதுன்னு எறங்கிட்டேன். தொவைக்கிற கல்லுக்கு நேர் கீழ, படிக்கல்லு ரெண்டுக்கு நடுவுல சேறு. அங்க வெச்சதும் பிடி விட்டு விட்டு அதிருது. விரலை விட்டு நோண்டினேன். செயின்! கொக்கி வாயைப் பொளந்துக்கினு இருக்குது. கொக்கி லூசா இருக்குதுன்னு அந்தப் பொண்ணு எத்தனையோ தடவை சொல்லியும் யாரும் காதுல போட்டுக்கலயாம்.

மேல வந்தேன். "நான்தான் அப்பவே சொன்னனே, கெணத்துலதான் இருக்கும்னு"ன்னுக்கினே மாமியாரு கையை நீட்டுது. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தம்மாவையும் உள்ள தள்ளியிருப்பேன். செயினை ரேவதி கையில வெச்சேன். அவ அதைக் கழுத்துல போட்டுக்கல. தோள்ல இருந்த பையையும் எறக்கல. நேரா மாமனார் முன்னாடி போயி நின்னா.

"மாமா, உங்க புள்ளைக்குப் போன் போடுங்க. இப்பவே."

போட்டாரு. செயின் கெடைச்சிடுச்சிப்பான்னு வாய்க்குள்ளயே முணுமுணுத்தாரு. கெணத்தைச் சுத்தி நின்ன சனம் மொத்தமும் அவரையே பாக்குது. ரேவதி ஒரு அடி கிட்ட போயி, அவரு காதுல இருந்த ஹெட்செட்டைக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டு சொன்னா:

"கேக்கல மாமா. திருடின்னு சொன்னீங்களே, அதே சத்தத்துல சொல்லுங்க."

தண்ணிக்குள்ள போனா வாயடைக்கிற மெஷின் என்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க, கரையில நிக்கிறவங்க வாயை அடைக்கிற மெஷினைத்தான் இன்னும் எந்தக் கடைக்காரனும் விக்கல.