ஆடிச்சுற்றுக்கு முன் வெட்டிய நகம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். சங்கரன்கோவிலில் கூலிக்குத் தறி ஓட்டியவன் இன்று பன்னிரண்டு விசைத்தறிக்குச் சொந்தக்காரன். இத்தனை வருஷத்தில் என் பட்டறைக்குள் ஒரு மெக்கானிக் கால் வைத்ததில்லை. தறி நின்றால் அது நின்ற சத்தத்திலேயே கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். வீட்டு மோட்டார், குழாய், பேரனின் சைக்கிள், எல்லாவற்றுக்கும் என் கைதான். பெருமைக்குத்தான் சொல்லுகிறேன். அந்தக் கைதான் என் வீட்டுக்காரியின் காலையும் பார்த்தது.

ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் எங்கள் ஊரில் கோவிலைச் சுற்றத் தொடங்கிவிடுவார்கள். ஆடிச்சுற்று என்போம். ஒற்றைக்காலில் தவம் நின்ற அம்மனின் வலியில் கொஞ்சத்தை நாம் நடந்து வாங்கிக்கொள்கிறோம் என்பது நம்பிக்கை. என் வீட்டுக்காரி, பிள்ளை பெற்ற இரண்டு வருஷம் போக, நூற்றியெட்டுச் சுற்றை விட்டதே இல்லை.

அவளுக்குச் சர்க்கரை வந்து எட்டு வருஷம். போன ஆடியில் கொடியேற ஒரு வாரம் இருக்கும்போது வலது பெருவிரல் நகம் ஓரமாகச் சதைக்குள் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டாள்.

"ஏட்டி, ஒரு நகத்துக்கா ஆஸ்பத்திரி? பன்னெண்டு தறியயும் பிரிச்சு மாட்டுதவன் நான். காலை நீட்டு."

இழை வெட்டும் சின்னக் கத்தரியைத் துடைத்து, நுனியைச் சதைக்குள் விட்டு, நகத்தின் மூலையை வளைத்துத் தோண்டி எடுத்தேன். ரத்தம் வந்தது. வலிக்கவே இல்லை என்றாள். என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பக்கத்து வீட்டில்கூடக் காட்டினேன். சர்க்கரையால் கால் மரத்துப்போயிருந்தது என்பதை அப்போது நான் அறியவில்லை.

மஞ்சள் வைத்துக் கட்டினேன். கொடியேறியது. சுற்றுகளை ஐந்து நாளாகப் பிரித்து நடந்தாள். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, வாடை அடித்தது. நடக்காதே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் நான் வெட்டியது தப்பு என்று ஆகிவிடும். சொல்லவில்லை. புது மஞ்சள் வைத்துக் கட்டினேன். அவள் நூற்றியெட்டையும் முடித்தாள்.

முடித்த அன்றே குளிர்காய்ச்சல். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். டாக்டருக்கு என் மகன் வயசுதான் இருக்கும்.

"யாரு இத வெட்டுனது?" என்றார்.

படுத்திருந்தவள்தான் சொன்னாள்.

"நாந்தான் வெட்டுனேன் சார்."

அவ்வளவு காய்ச்சலிலும் அவளுக்கு அவ்வளவு திட்டு விழுந்தது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் விரலை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம்தான் ஒரு நர்ஸ் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையை வளைக்கக் கூடாது, தோண்டக் கூடாது. முன்பக்கம் அகலமான செருப்புதான் போட வேண்டும். விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நகம் உள்ளே இறங்கினால் வீட்டில் யாரும் தொடவே கூடாது. ஒரு தறியைக் கற்றுக்கொண்ட மாதிரி அத்தனையும் கற்றுக்கொண்டேன். தினமும் அவள் காலைக் கழுவித் துடைத்துப் பார்ப்பது நான்தான்.

இந்த ஆடியில் அவள் சுற்றவில்லை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் தானே வெட்டிக் கெடுத்துக்கொண்டதாகச் சொன்னாள். நான் காப்பி எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் கழுவும்போது பார்த்தேன். இடது பெருவிரலிலும் நகம் ஓரமாக இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன்.

"ஒரு நகத்துக்கா?" என்றாள். சிரிக்கவில்லை.

அதே நர்ஸ்தான் இருந்தாள். வலது விரல் போனது எப்படி என்று அவள் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், வெட்டினது நான் என்று. வீட்டுக்காரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் தலையசைத்துவிட்டு, கால் மரத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மெல்லிய நைலான் நரம்பை எடுத்தாள். கண்ணை மூடிக்கொள்ளுங்கம்மா, இடது காலைத் தொடுவேன், தொட்டால் சொல்லுங்க என்றாள்.

வீட்டுக்காரி கண்ணை மூடினாள்.

"தெரியுது," என்றாள்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நரம்பு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. காலைத் தொடவே இல்லை.