இடம் கேட்ட விளையாட்டு

அந்த ஹெட்செட்டைச் செய்தவன் எவனோ, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் ஒரு நாளாவது படுத்து எழும்பியிருக்க மாட்டான். தலையில் மாட்டியதும் அது ஆங்கிலத்தில் சொன்ன முதல் செய்தி, விளையாட இடம் போதாது, பெரிய அறைக்குப் போகவும் என்பதுதான். சொல்வதற்கு அதற்கென்ன, வாயா வலிக்கப் போகிறது?

கொழும்பில் ஒரு சின்னக் கம்பெனி இந்த மெய்நிகர் விளையாட்டுகளைச் செய்தது. அவை வெளிவருமுன் விளையாடிப் பார்த்து, எங்கே பிழை என்று சொல்வது என் வேலை. ஒரு மாதம் சோதனைக்கு, சரியாகச் செய்தால் நிரந்தரம். வீட்டிலிருந்தே சம்பளம் வந்தால் கொழுந்தெடுக்கப் போகும் அம்மாவை நிறுத்திவிடலாம். முழங்கால் வீங்கி, மலைச்சரிவில் முனகிக்கொண்டே இறங்குகிறவள் அவள். கம்பெனி அனுப்பிய ஹெட்செட் பெட்டியைத் தலவாக்கலையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது எனக்கு அந்த ஒரு நினைப்புத்தான்.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு காம்பரா, ஒற்றை அறை. கட்டிலைத் தூக்கி வெளியே வைத்தேன். போதாது என்றது. அலுமாரியை மூலைக்குத் தள்ளினேன். அப்போதும் போதாது. சரிதான் போ என்று அப்படியே ஆடினேன். விளையாட்டு வாளை வீசிய வீச்சில் கை சாமித் தட்டில் மோதி, கண்ணாடி உடைந்து, விரலெல்லாம் ரத்தம்.

கம்பெனியில் எனக்கு மேலே இருந்தவருக்குப் போன் எடுத்தேன்.

“உங்கட வீட்டு ஹோல்ல செய்யுங்களேன்” என்றார்.

“இதுதான் சேர் ஹால். பெட்ரூமும் இதுதான்.”

சிரித்தார். நான் பகிடி விடுகிறேனாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பிறப்பும் சாவும் இந்தக் காம்பராவுக்குள்தான். ஒரு விளையாட்டுக்குத்தான் இடம் பத்தவில்லை.

அம்மாமார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பரா பின்னேரத்தில் சும்மாதான் கிடக்கும். ஒரு மணித்தியாலம் தாருங்கள் என்று தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயாவிடம் கேட்டேன்.

“வெளையாடுறதுக்கா? இன்னைக்கு ஒனக்குக் குடுத்தா நாளைக்கு லயமே வந்து நிக்கும்.”

“இது வேலைங்கய்யா.”

“கண்ணக் கட்டிக்கிட்டு ஆடுறது ஒரு வேலையா?” என்றுவிட்டு பிளேன்டீயை உறிஞ்சினார்.

மிச்சமிருந்தது லயத்துக்கெல்லாம் பொதுவான வாசல்தான். வெயிலடித்தால் அந்தக் கருவிக்குக் கை கால் தெரியாது, மழை பட்டால் கெட்டுவிடும். மூட்டம் இறங்கிய ஒரு பின்னேரம் இறங்கினேன். நான் ஆடுவதையும் கம்பெனியில் பார்க்க வேண்டும் என்பதால், வீடியோ காலைப் போட்டுப் போனை ஜன்னலில் சாத்தி வைத்தேன். நாலு பக்கமும் அரக்கர்கள் வந்தார்கள். வெட்டினேன், குனிந்தேன், கத்தினேன். தலைமுடி அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை.

காலில் சில்லென்று தண்ணீர் விழுந்தது. இந்த விளையாட்டில் தண்ணீர் கிடையாதே என்று கழற்றிப் பார்த்தால், மலையிலிருந்து திரும்பிய பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா மஞ்சள் தண்ணீரை என் காலில் ஊற்றி, சூடம் கொளுத்தி, கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு அழுகிறாள்.

“தாயி, வீடு கட்ட எங்க பேருக்குக் காணி எப்ப வரும்? ஒரு வாக்குச் சொல்லு தாயி. வயசுக்கு வந்த புள்ளைய வச்சுக்கிட்டு எல்லாரும் ஒரே காம்பராவுல கெடக்குறோம்.”

“எனக்குச் சாமியும் வரல, ஒண்ணும் வரல! எந்திரிங்கக்கா!”

ஜன்னலில் இருந்த போன் விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் கம்பெனியிலிருந்து அவரே அழைத்தார். “தங்கச்சி, சூப்பர்! நேற்றையதை ரெக்கோட் பண்ணிட்டன். விளம்பரத்துக்குப் போடுவம். உங்களையும் பேமனன்ட் ஆக்கச் சொல்லிட்டாங்க.”

“அந்த அக்கா வீடு கேட்டு அழுதாங்க சேர். அழிச்சிருங்க.”

“சும்மா பகிடிக்குத்தானே.”

“அழிங்கன்னு சொல்றேன்ல! எங்கயாவது போட்டீங்க, கொழும்புக்கே வந்து நிப்பேன்.”

அழித்துவிட்டோம், பெட்டியை அனுப்பிவிடுங்கள் என்று செய்தி வந்தது. அனுப்பினேன். இந்த விளையாட்டு ஏன் இன்னும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை என்று பெரிய ஆட்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்களாம். விலை என்கிறார்கள், தலைச்சுற்று என்கிறார்கள், நெட் வேகம் என்கிறார்கள். வீடு என்று ஒருத்தன் வாயிலாவது வருகிறதா?

வேலை போனதை அம்மாவிடம் காலையில்தான் சொன்னேன். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகிவிட்டது என்று அவசரமாக முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“வேல கெடக்கு விடு. பக்கத்துக் காம்பராக்காரி அப்புடி அழுது கேட்டாளே, கெடைக்கும்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“பொய் சொல்லச் சொல்றியாம்மா?”

“எலக்சனுக்கு வர்றவனெல்லாம் சொல்லிட்டுப் போறான். நீ சொன்னா மட்டும் குத்தமா? அன்னைக்கு ஒரு ராத்திரியாச்சும் நிம்மதியாத் தூங்கியிருப்பா” என்றுவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, மலைக்குப் போனாள்.