பிலோமினா டீச்சரின் தெற்குப் பார்த்த பெட்டி

பிலோமினா டீச்சர் இறந்த செய்தி பள்ளி ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. அரியாங்குப்பத்தில் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தி, ஹெல்மெட்டை மாட்டப் போன நேரம். கைகூப்பிய படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே எங்கள் கணக்கு சாரிடமிருந்து ஒரு வரி: 'அந்த ஆந்தை வந்தப்பவே நினைச்சேன்.' அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் பி.எட். படித்தவர்கள். டீச்சரின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக்கூட வந்து சேரவில்லை. அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துத் தீர்ப்பையும் எழுதிவிட்டார்கள்.

முன்னாள் மாணவர்கள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னபோது, 'டீச்சரோட அன்பைப் பத்தி எழுதுங்க மேடம்' என்றார்கள். அன்பைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. நான் அதே பள்ளியின் நூலகர். கடலூர் சாலையைப் பார்த்த அந்தக் கட்டடத்தில் என் நூலகமும் டீச்சரின் இயற்பியல் ஆய்வகமும் அடுத்தடுத்த அறைகள். சுவர் மெல்லியது. உங்களில் யார் யார் அவரிடம் திட்டு வாங்கி அழுதீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது 'தாயுள்ளம்' என்று எழுதி அனுப்புகிறவர்களில் சிலர் அவர்கள்தான். அவர் தாயுள்ளம் படைத்தவர் அல்ல. அவருக்கு முட்டாள்தனத்தைக் கண்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அந்த அரிப்பை மறைக்கும் நாகரிகம் அவரிடம் இல்லை. நான் அவரை விரும்பியது அதனால்தான்.

சிட்டுக்குருவி தினத்தன்று பள்ளிக்கு ஒரு சிறப்பு விருந்தினர் வந்து ஆசிரியர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கூட்டுப் பெட்டி கொடுத்தார். இளஞ்சிவப்பும் பச்சையுமாக வர்ணம் பூசிய பெட்டி. கூரை தகரம். கூரையின் மேல் விருந்தினரின் சிரித்த முகம் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. பேசியதைவிடப் படம் எடுத்துக்கொண்ட நேரம்தான் அதிகம். டீச்சர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குருவிக்கு வூடு குடுக்கல இவனுங்க. குருவி தலைல பேனர் கட்டிக்கிறானுங்க" என்றார். விருந்தினர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

அந்தப் பெட்டிகள் போன கதி உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒருவர் வருகிறவர் கண்ணில் படட்டும் என்று கேட்டில், பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் மாட்டினார். கேட்டைத் திறந்து மூடும்போதெல்லாம் பெட்டியும் கூடவே போய்வந்தது. இன்னொருவர் வெளியில் வைத்தால் பெயின்ட் போய்விடும் என்று டி.வி. ஷோகேஸுக்குள் வைத்துக்கொண்டார். கணக்கு சார் வாஸ்து பார்த்தார். வீட்டின் ஈசானிய மூலையில், வாசல் வடகிழக்கைப் பார்க்க, மஞ்சள் குங்குமம் இட்டு மாட்டினார். நம் ஊருக்கு மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர் யோசிக்கவில்லை. ஐப்பசியில் மழை நேராக வாசல் வழியாக உள்ளே போனது. பெட்டியின் அடிப்பலகை ஊறிப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளையாகக் குருவிகளுக்கு வாஸ்துவில் நம்பிக்கை இருக்கவில்லை.

டீச்சர் மட்டும் சரியாக வைத்தார் என்று எழுதினால் அது பொய். அவர் மற்ற எல்லோரையும்விட மோசமாகத் தொடங்கினார். பாகூரில் அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம். அதன் கிளையில் கயிறு கட்டிப் பெட்டியைத் தொங்கவிட்டார். முருங்கைக் கிளை எதையும் தாங்காது என்று அந்தத் தெருவில் தெரியாதவர் அவர் ஒருவர்தான். பெட்டி சில நாள் ஊஞ்சல் ஆடிவிட்டுக் கிளையோடு கீழே வந்தது.

"மரத்துக்கு கால்சியம் பத்தல" என்றார். தன்மேல் தவறு இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு வராது.

அடுத்து, கிழக்குச் சுவரில் வைக்கலாம், காலை வெயில் பட்டால் நல்லது என்று நான் சொன்னேன்.

"புக்குல படிச்சியாடி?"

"ஆமா டீச்சர்."

"அந்த புக்கு எழுதனவன் இன்னா ஊரு? பாகூரா?"

குளிர் நாட்டுக்காரர் எழுதியது. ஒப்புக்கொண்டேன். பனியில் நடுங்கும் குருவிக்குச் சொன்னதைச் சித்திரை வெயிலில் வேகும் குருவிக்குச் சொல்ல வந்துவிட்டாள் என்று ஆசிரியர் அறையில் ஒரு வாரம் என்னைக் கேலி செய்தார். செய்துவிட்டுத் தானே பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டினார். மாலை மூன்று மணிக்கு உள்ளே கைவிட்டுப் பார்த்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "கேக்கு சுடலாம் இதுல" என்றார். அந்தச் சுவரைத் தேர்ந்தது யார் என்று நான் கேட்கவில்லை.

அதன்பிறகுதான் உருப்படியாக ஒரு காரியம் செய்தார். மழைக்காலம் தொடங்கியதும் ஓர் அட்டைப்பெட்டியைக் கொல்லையின் நடுவில் ஸ்டூல்மேல் வைத்து, நான்கு பக்கமும் திசையை எழுதிவிட்டு, ஒரு பெரிய மழைக்கு விட்டார். மறுநாள் அந்த அட்டைப்பெட்டியையே பள்ளிக்குத் தூக்கிவந்து கணக்கு சாரின் மேசைமேல் வைத்தார். வடக்கும் கிழக்கும் கூழாகியிருந்தன. மேற்கு பரவாயில்லை. தெற்கில் எழுதிய மை கலையவே இல்லை.

"இந்தாங்க சார், உங்க ஈசானிய மூலை. பொத்துனு ஊறிப் போச்சி."

"தெக்க பாத்து எதுக்கும் வாசல் வெக்கக்கூடாது டீச்சர். எமன் தெச அது."

"எமனுக்கு மழைல நனையக் கூடாதுன்னு அறிவு கீது பாருங்க."

பழைய பெட்டி அதற்குள் உளுத்துவிட்டது. ஆய்வகத்தில் கிடந்த பேக்கிங் பலகையில் டீச்சர் தானே புதிதாக ஒன்று செய்தார். வாசலுக்கு வட்டம் வரைய, கண்ணில் பட்ட பீக்கரைக் கவிழ்த்து வைத்துக் கோடு போட்டார். சிட்டுக்குருவிக்கு அவ்வளவு பெரிய ஓட்டை தேவையில்லை, மைனாவோ வேறெதுவோ புகுந்துவிடும் என்றேன். குருவிக்குக் காற்று வேண்டாமா என்று என்னை அடக்கிவிட்டார். மாட்டும் விதத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. பழைய டி.வி. ஆன்டெனா குழாயைக் கொல்லையில் சிமென்ட் போட்டு நட்டு, உச்சியில் பெட்டியைத் திருகி இறுக்கி, பூனை ஏறாதபடி குழாயைச் சுற்றி எண்ணெய் டின் தகரத்தை வளைத்துக் கட்டினார்கள். வெயில் இறங்காமல் கூரை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. வாசல் தெற்கு. ஏணியில் நின்று திருகியவர் அவர் கணவர் சூசை. கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவர். கீழே நின்று திட்டியவர் டீச்சர்.

பக்கத்து வீடு சூசையின் தங்கை சகாயமேரியுடையது. அவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், பாடற்குழுவில் பாடுகிறவர். எமனிலும் அதே அளவு நம்பிக்கை.

"தெக்க பாத்து வெக்கிறியே அண்ணி. எமன் வந்தா?"

"வரட்டும். அந்த ஓட்டையில அவன் தலகூட பூராது."

குருவி வரவில்லை. தை மாதத்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தைகள் வந்தன. உருண்டைத் தலை, மஞ்சள் கண், வெள்ளைப் புருவம். பகலிலேயே வாசலில் நின்று தெருவை முறைக்கும். நான் பார்க்கப் போனபோது டீச்சர் பெருமையாக, "கணக்கு சார் மாதிரியே இல்ல?" என்றார். பீக்கரைப் பற்றி நான் வாய் திறக்குமுன், "நான் ஆந்தைக்குத்தான்டி வெச்சேன்" என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து அதுதான் வரலாறு.

தெருவே வேலிக்கு வெளியே கூடி நின்று சொன்னது, எடுத்துவிடுங்கள் என்று. சகாயமேரி அழுதார். "ராவெல்லாம் கத்துது அண்ணி. சாவக் கூப்புடுது."

"எனக்கு சாவு வருதுன்னு டாக்டரு எப்பவோ கத்திட்டாரு. போயி அவரு கூட்டப் பிரி."

உண்மைதான். இதய வால்வு பழுது என்று தெரிந்து வெகு காலம் ஆகியிருந்தது. அறுவைசிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னது ஆந்தைகள் வருவதற்கு முன்பு. பொதுத்தேர்வு முடியட்டும் என்று டீச்சர் தள்ளிப்போட்டார். இதையும் எழுதத்தான் வேண்டும். அவரே மற்றவர் விஷயத்தில் இதை விட்டுவைத்திருக்க மாட்டார். அது மடத்தனம். தான் இல்லாவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பு மின்னோட்டம் படிக்காது என்று நினைத்தார். மாசி முடிவதற்குள் இறந்தார். மீதிப் பாடத்தை இன்னொருவர் நடத்தி முடித்தார். பிள்ளைகள் தேர்வு எழுதிவிட்டார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் பள்ளியிலிருந்து சிலர் துக்கம் விசாரிக்கப் போனோம். கூடத்தில் பத்து நிமிடம்தான் உட்கார்ந்திருப்போம். அதற்குள் எல்லோரும் கொல்லையில் இருந்தார்கள். குழாயைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்த்தார்கள். தாய் ஆந்தை வாசலிலிருந்து எல்லோரையும் ஒருமுறை முறைத்துவிட்டு எதிரிலிருந்த வேப்பமரத்துக்குப் பறந்தது. உள்ளே சீறல் போல ஒரு சத்தம். குஞ்சுகள்.

"இன்னிக்கே எடுத்துடு அண்ணா" என்றார் சகாயமேரி. "அண்ணிய கொண்டுபோயிடுச்சி. அடுத்து யாருன்னு பாக்குது."

கணக்கு சார் நடுநிலையாளர். "தூக்கிப் போட வேணாம். பாவம், வாயில்லாத ஜீவன். வடக்க பாத்துத் திருப்பி வெச்சிடுங்க. தோஷம் போயிடும்."

நான் கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல. ஆனாலும் பேசினேன். "திருப்பினா தாய்க்கு வாசல் எங்கன்னு தெரியாம போயிடும் சார். குஞ்சு பட்டினில செத்துடும்."

"மனுஷ உயிரே போயிடுச்சி மேடம்."

"டீச்சருக்கு வால்வு கெட்டது ஆந்தை வர்றதுக்கு ரொம்ப முன்னாடி சார்."

"அதெல்லாம் சயின்ஸ் மேடம். இது வேற."

பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கிற மனிதர் இதைச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நான் மறக்கப்போவதில்லை. டீச்சர் உயிரோடு இருந்தவரை அவர் வாய்க்குப் பயந்து வேலியைத் தாண்டாதவர்கள், அவர் போன மறுநாளே கொல்லைவரை வந்துவிட்டார்கள். பெட்டி ஒரு சாக்கு. அவரிடம் தோற்ற எல்லா வாக்குவாதத்தையும் அன்று ஒன்றாக ஜெயித்துவிடப் பார்த்தார்கள். எதிர்த்துப் பேச ஆள் இல்லை.

சூசை அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அவர் அதிகம் சொன்னதில்லை. அந்த வீட்டில் சொல்ல வேறொருவர் இருந்தார். சுவரோரம் கிடந்த ஏணியை எடுத்து வந்து குழாயில் சாத்தினார். ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். பெட்டி அருகே முகத்தை வைத்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாண்ணா, நட்டு வரலியா?" என்று சகாயமேரி கீழிருந்து கேட்டார்.

"மூணு கீது" என்றார். "கண்ணு தெறந்துகீது."

பிறகு ஸ்பானரை எடுத்தார். பெட்டியின் அடியில் இருந்த திருகாணியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். இறங்கினார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் பக்கத்து அறைக்குள் கொண்டுபோய் வைத்து, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த வூட்ல இனிமே ஏணி கெடையாது. யாரும் கேக்காதீங்க."

"எங்களுக்கு எதனா ஆனா இன்னாண்ணா பண்றது?"

"ஒடம்பு சரியில்லன்னா டாக்டர்கிட்ட போ" என்றார் சூசை. "அவளத்தான் நான் இழுத்துக்கினு போவல."

கணக்கு சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோருக்கும் திடீரென்று பேருந்து நேரம் நினைவுக்கு வந்தது. நான் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். சூசை முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றிருந்தார். கூட்டம் கலைந்ததும் தாய் ஆந்தை வாயில் எதையோ கவ்விக்கொண்டு பெட்டிக்குள் போனது.

ஒருவர் போனபின் அவரிடமிருந்து பொறுமையையோ பரிவையோ எடுத்துக்கொண்டதாகச் சொல்வது வழக்கம். பிலோமினா டீச்சரிடம் அவை இரண்டும் இருக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டது அவருடைய ஏளனத்தை. எனக்கு அது இயல்பாக வருவதில்லை. நான் பெரும்பாலும் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்காததுபோல் இருந்துவிடுகிறவள். இனி அப்படி இருக்க முடியாது, இந்தப் பள்ளியில் அந்த வேலையைப் பார்க்க இப்போது ஆள் இல்லை. குழுவில் கணக்கு சாரின் வரிக்குக் கீழே அன்றிரவே பதில் எழுதினேன். டீச்சர் எழுதியிருக்கக்கூடிய அளவுக்குக் காரமாக இல்லை. பழகிவிடும்.

முப்பதாம் நாள் பூசைக்கு நீங்கள் வருவீர்கள். சாப்பாடு முன்பக்கம் பந்தலில். கூட்டமாகக் கொல்லைக்குப் போக வேண்டாம். குஞ்சுகள் இப்போது வாசலில் தலைநீட்டத் தொடங்கியிருக்கின்றன. பார்த்தே ஆகவேண்டும் என்கிறவர்கள் ஓரிருவராகப் போய், சத்தமில்லாமல், தெற்கே தள்ளி நின்று பாருங்கள்.